புவித்தகடும் விஞ்ஞான முறையும்: தரம் 7 முதல் 9 வரை வினாத்தாள் அமைப்பது எப்படி

"தகட்டு எல்லை வகைகள் மூன்றும் எவை? கண்டங்கள் நகர்ந்தன என்று சொன்னவர் யார்?" இப்படிப் பத்து வினா கொடுத்தால் முதல் நாள் இரவு பாடமாக்கிய பிள்ளை எண்பது புள்ளி எடுத்துவிடும். அதே பிள்ளையிடம் ஓர் அட்டவணையைக் கொடுத்து, "இதை வைத்துத் தகடு நகர்கிறது என்று சொல்லலாமா?" என்று கேட்டால் பேனா நகராது. புதிதாக நியமனம் பெற்று முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, மன்னார்ப் பக்கப் பாடசாலைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்க வருபவர்களுக்காக இதை எழுதுகிறோம். 40 நிமிடப் பாடவேளைக்குள் முடிகிற 25 புள்ளி வினாத்தாள் ஒன்றும், ஆய்கூடம் இல்லாத வகுப்பறையிலும் நடத்தக்கூடிய செய்முறை ஒன்றும் இதில் இருக்கின்றன. எந்தத் தரத்தில் எவ்வளவு ஆழம் போகவேண்டும் என்பதைக் கையிலுள்ள ஆசிரியர் வழிகாட்டியைப் பார்த்து முடிவுசெய்யுங்கள். பாடத்திட்டம் மாறினாலும் வினா அமைக்கும் முறை மாறாது.

இந்த அலகில் ஒரு சிக்கல் உண்டு. தகடு என்பது புவியின் வெளி ஓட்டிலுள்ள மிகப் பெரிய பாறைத் துண்டு; அதை மேசையில் வைத்துப் பரிசோதிக்க முடியாது. ஆகவே விஞ்ஞான முறையைச் சோதிக்க இரண்டு வழிதான். உலகத்தில் எங்கோ அளந்த தரவைப் பிள்ளையின் முன் வைத்து நியாயம் கேட்கலாம். அல்லது மாதிரி அமைப்பொன்றைச் செய்யவிட்டு, அந்த மாதிரி எதைக் காட்டுகிறது, எதைக் காட்டவில்லை என்று கேட்கலாம். நல்ல வினாத்தாளில் இரண்டும் இருக்கும்.

முதலில் புள்ளித்திட்டம், பிறகு வினா

பழக்கத்தில் எல்லோரும் வினாவை எழுதிவிட்டுத் திருத்தும் நாளில்தான் புள்ளித்திட்டத்தை யோசிப்பார்கள். அதைத் தலைகீழாகச் செய்யுங்கள். ஒரு தாளில் மூன்று நிரல் கீறுங்கள். முதல் நிரலில் பிள்ளை என்ன செய்யவேண்டும் என்பது (அவதானத்தையும் அனுமானத்தையும் பிரித்தல், மாறிகளை இனங்காணல், வரைபு கீறல், சான்று காட்டி முடிவு சொல்லல்). இரண்டாவதில் எந்தப் பாடப்பொருளைக் கொண்டு அதைச் சோதிப்பது. மூன்றாவதில் புள்ளி. முதல் நிரலில் "ஞாபகப்படுத்தல்" என்று மட்டும் வரும் வினாக்கள் 25 இல் 5 புள்ளியைத் தாண்டினால் சிலவற்றை வெட்டுங்கள்.

25 புள்ளியை இப்படிப் பிரிக்கலாம்: பல்தேர்வு எட்டு வினா, ஒவ்வொன்றுக்கும் 1 புள்ளி, 10 நிமிடம். தரவு வினா ஒன்று, 9 புள்ளி, 15 நிமிடம். பரிசோதனை திட்டமிடும் வினா ஒன்று, 8 புள்ளி, 12 நிமிடம். மிச்ச 3 நிமிடம் பெயர் எழுதவும் திருப்பிப் பார்க்கவும். தரவு வினாவைக் கடைசியில் போடாதீர்கள். வரைபு கீறத் தொடங்கும்போது மணி அடித்துவிட்டால், வரைபு தெரியாத பிள்ளைக்கும் நேரம் கிடைக்காத பிள்ளைக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விடும்.

பல்தேர்வு: பிழையான விடையில்தான் வேலை இருக்கிறது

சரியான விடையை எழுத அரை நிமிடம் போதும். மற்ற மூன்றையும் எழுதத்தான் பாடம் தெரியவேண்டும். அந்த மூன்றும் பிள்ளைகளின் மனதில் உண்மையாகவே இருக்கும் பிழை எண்ணங்களாக இருக்கவேண்டும். இந்த அலகில் அவை பெரும்பாலும் எல்லா வகுப்பிலும் ஒன்றுதான்: தகடு என்றால் கண்டம், அதன் விளிம்பு கடற்கரை, தகடுகள் தீக்குழம்புக் கடலில் மிதக்கின்றன, இரண்டு தகடுகளுக்கு நடுவே வெற்றிடம் இருக்கிறது, புவிநடுக்கம் எல்லையில் மட்டும்தான் வரும், வெந்நீர் ஊற்று இருந்தால் கீழே எரிமலை இருக்கிறது.

ஒரு வினாவைக் கிட்ட வைத்துப் பார்ப்போம். "புவித்தகடுகளுக்குக் கீழே உள்ள பாறை எப்படிப்பட்டது?" என்று கேட்டு, (1) உருகிய குழம்பு, (2) திண்மம், ஆனால் மிக மெதுவாகப் பாயக்கூடியது, (3) வெற்றிடம், (4) நீர் என்று கொடுத்தால் நான்காவதை ஒருவரும் தொடமாட்டார். அது இடத்தை நிரப்பும் விடை. அதற்குப் பதில் "(4) அசையவே முடியாத இறுகிய திண்மம்" என்று போடுங்கள். இப்போது பாதி விளங்கிய பிள்ளையும் ஒருகணம் நின்று யோசிக்கும். (1) ஐத் தெரிவுசெய்தவருக்கும் (4) ஐத் தெரிவுசெய்தவருக்கும் நீங்கள் மறுநாள் சொல்லவேண்டிய விளக்கம் வேறு வேறு. விடைத்தாளே அதைப் பிரித்துக் காட்டிவிடும்.

விஞ்ஞான முறையைப் பல்தேர்வில் சோதிக்க முடியாது என்பார்கள். முடியும். "புவிநடுக்கங்கள் தகட்டு எல்லைகளில் மட்டுமே நிகழும் என்று ஒரு மாணவி எழுதினாள். 2001 ஜனவரி 26 அன்று இந்தியாவின் குஜராத்தில், தகட்டு எல்லைக்கு நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் உள்ளே, பெரிய புவிநடுக்கம் ஏற்பட்டது. அவள் தன் கூற்றை எப்படி மாற்றவேண்டும்?" விடைகளாக: கூற்றை அப்படியே வைத்திருக்கலாம், 'மட்டுமே' என்பதைப் 'பெரும்பாலும்' என்று மாற்றவேண்டும், தகடுகளே இல்லை என்று எழுதவேண்டும், குஜராத் தகவலைச் சேர்க்காமல் விடவேண்டும். ஒரு முரண்சான்று கூற்றைத் திருத்துகிறது, முழுக் கோட்பாட்டையும் கவிழ்ப்பதில்லை என்பதை இந்த ஒரு வினா பார்த்துவிடும்.

அவதானம், அனுமானம் பிரிக்கும் வினாவில் கவனம். மெசோசோரஸ் என்ற ஊர்வனவின் உயிர்ச்சுவடு தென்னமெரிக்காவிலும் ஆபிரிக்காவின் தென்பகுதியிலும் கிடைத்திருக்கிறது. இது அவதானம். இரு கண்டங்களும் ஒருகாலத்தில் ஒட்டியிருந்தன என்பது அனுமானம். இதுவரை சிக்கல் இல்லை. "மெசோசோரஸால் சமுத்திரத்தை நீந்திக் கடக்க முடியாது" என்ற கூற்றையும் பட்டியலில் சேர்த்தால் ஆசிரியர் அறையிலேயே இரண்டு கட்சி உருவாகும். எலும்பையும் அது கிடைத்த பாறையையும் வைத்து எடுத்த அனுமானம்தான் அதுவும். ஆனால் பாடப்புத்தகத் தொனியில் எழுதும்போது அவதானம் போலத் தெரியும். இப்படிப்பட்ட கூற்றைப் பரீட்சையில் போடாமல் வகுப்பில் வாதத்துக்கு வையுங்கள்.

அல்பிரட் வெகனரைப் பற்றிக் கேட்காமல் இந்த அலகு முடியாது. ஆனால் ஆண்டைக் கேட்பதில் பயன் குறைவு. அவர் 1912 இல் கருத்தை வெளியிட்டார். கரையோரங்களின் பொருத்தம், உயிர்ச்சுவடு, பாறை, பழைய பனியாற்றுத் தடம் எல்லாம் காட்டினார். ஆனாலும் பலர் ஏற்கவில்லை. ஏன் என்று கேளுங்கள். கண்டத்தை நகர்த்தும் விசை எது என்பதற்கு அவரிடம் ஏற்கத்தக்க விளக்கம் இருக்கவில்லை. 1960களில் கடலடித்தளம் விரிவடைவது பற்றிய ஹரி ஹெஸ்ஸின் கருத்தும் (1962), கடலடிப் பாறைகளின் காந்த வரிகள் பற்றிய வைன், மத்தியூஸ் இருவரின் விளக்கமும் (1963) வந்த பிறகுதான் நிலைமை மாறியது. "வெகனரிடம் சான்று இருக்கவில்லை" என்பதைப் பிழை விடைகளில் ஒன்றாக வையுங்கள். நிறையப் பேர் அதைத்தான் தெரிவார்கள்.

தரவு வினா: ஒரு தரவுப் புள்ளியை வேண்டுமென்றே விலக்கி வையுங்கள்

கடல்நடு முகடு (தகடுகள் விலகும் இடத்தில் கடலடியில் நீளும் மலைத்தொடர்) ஒன்றின் கிழக்குப் பக்கத்தில் கடலடிப் பாறையின் வயது என்று சொல்லி இந்த அட்டவணையைக் கொடுங்கள். எண்கள் பரீட்சைக்காக எளிதாக்கியவை. அதை வினாவிலேயே ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

முகட்டிலிருந்து தூரம் (கி.மீ.): 0, 40, 80, 120, 160
பாறையின் வயது (மில்லியன் ஆண்டு): 0, 2, 4, 9, 8

120 கி.மீ. இல் வரும் 9 பொருந்தாத புள்ளி. எல்லாப் புள்ளியும் ஒரே கோட்டில் விழும் அட்டவணையைக் கொடுத்தால் பிள்ளை அடிமட்டத்தை வைத்துக் கோடு கீறிவிட்டுப் போகும். தரவைப் பற்றி யோசிக்கத் தேவையே வராது. பொருந்தாத ஒன்று இருந்தால், புள்ளிக்குப் புள்ளி வளைத்து இணைப்பவர் யார், போக்கைப் பார்த்துக் கோடு கீறுபவர் யார் என்று தெரியும். ஒன்று போதும். இரண்டு வைத்தால் ஐந்து புள்ளியில் போக்கே காணாமல் போய்விடும்.

9 புள்ளியும் இப்படி: அச்சுகளுக்குப் பெயரும் அலகும் 1; புள்ளிகளைச் சரியாகக் குறித்தல் 1; பொருந்தாத புள்ளியை விட்டுப் போக்குக்கோடு கீறல் 1; அந்தப் புள்ளியை இனங்கண்டு, மீண்டும் அளக்கவேண்டும் அல்லது மாதிரியைச் சரிபார்க்கவேண்டும் என்று எழுதல் 1; ஆண்டுக்கு எத்தனை சென்ரிமீற்றர் என்று கணித்தல் 2; இரு பக்கமும் இதே வேகத்தில் விலகினால் சமுத்திரம் ஆண்டுக்கு எவ்வளவு அகலும் 1; "புதிய கடலடித்தளம் முகட்டில் உருவாகிறது" என்ற முடிவுக்கு அட்டவணையிலிருந்து சான்று காட்டல் 2.

"அதை அழித்துவிடவேண்டும்" என்று எழுதினால் புள்ளி கொடுக்காதீர்கள். "பிழையாக இருக்கலாம், திரும்ப அளந்து பார்க்கவேண்டும்" என்பதற்குக் கொடுங்கள். விஞ்ஞான முறை என்று இந்த வினா சோதிப்பதே அந்த இடத்தைத்தான்.

கணிப்பில்தான் அதிகம் பேர் விழுவார்கள். 8 மில்லியன் ஆண்டில் 160 கி.மீ. என்றால் 1 மில்லியன் ஆண்டில் 20 கி.மீ. இதுவரை வந்துவிடுவார்கள். கிலோமீற்றரைச் சென்ரிமீற்றராக்கும்போது பூச்சியங்கள் கூடியும் குறைந்தும் போகும். ஒரு குறுக்கு வழியை முன்கூட்டியே வகுப்பில் காட்டுங்கள்: 1 கி.மீ. என்பது ஒரு மில்லியன் மில்லிமீற்றர். ஆகவே மில்லியன் ஆண்டுக்கு 20 கி.மீ. என்றால் ஆண்டுக்கு 20 மி.மீ., அதாவது 2 செ.மீ. எண்ணே மாறுவதில்லை. இரு பக்கமும் சேர்த்து 4 செ.மீ. இங்கேயும் ஒரு பொறி இருக்கிறது: 2 செ.மீ. என்றே விட்டவர் முகட்டுக்கு இரண்டு பக்கம் உண்டு என்பதை மறந்தவர். கணிப்புப் பிழைக்கும் இந்தப் பிழைக்கும் தனித்தனியே புள்ளி வைத்திருப்பது அதற்காகத்தான். முதல் விடை பிழையாக வந்து, அதைச் சரியாக இரட்டித்திருந்தால் அந்த 1 புள்ளியைக் கொடுத்துவிடுங்கள்.

பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதுவது உங்கள் வகுப்பில் பிரச்சினை என்றால், வினாவின் ஒழுங்கை மாற்றுவது மட்டும் போதாது. இரண்டாவது வினாத்தாளில் தூரங்களை 0, 60, 120, 180, 240 என்று மாற்றி வயதை அப்படியே விடுங்கள். விடை ஒரு பக்கத்துக்கு 3 செ.மீ., மொத்தம் 6 செ.மீ. ஆகும். யார் எங்கிருந்து எழுதினார் என்பது எண்ணிலேயே தெரியும்.

செய்முறை: மரக்கட்டை, இறப்பர் வளையம், அரத்தாள்

புவிநடுக்கம் ஏன் திடீரென்று வருகிறது என்பதைக் காட்டும் மாதிரி இது. மின்சாரம் வேண்டாம். ஒரு குழுவுக்கு வேண்டியவை: ஏறத்தாழ 10 செ.மீ. நீளமும் 7 செ.மீ. அகலமும் உள்ள மரக்கட்டை ஒன்று, அதன் அடியில் ஒட்ட 80 ஆம் இலக்க அரத்தாள் துண்டு, மேசையில் ஒட்ட 40 செ.மீ. நீளத்துக்கு அதே அரத்தாள், ஒன்றோடொன்று கோத்த மூன்று இறப்பர் வளையங்கள், அரை மீற்றர் நூல், பென்சில், 30 செ.மீ. அடிமட்டம், பொலித்தீன் பையில் கட்டிய மணல் 250 கிராம் வீதம் மூன்று. மணலை வீதியோரத்துக் கடைத் தராசில் நிறுத்துக்கொள்ளலாம். மரக்கட்டையைத் தச்சுப் பட்டறையில் கேட்டால் வெட்டித் துண்டாகவே தருவார்கள்.

இறப்பர்ச் சங்கிலியின் ஒரு நுனியைக் கட்டையில் ஆணியடித்து மாட்டுங்கள். மறு நுனியில் நூலைக் கட்டி, நூலைப் பென்சிலில் சுற்றி, பென்சிலை மெதுவாகத் திருகுங்கள். கையால் நேரே இழுத்தால் ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு வேகத்தில் இழுக்கும். பென்சில் அதை ஓரளவு சமப்படுத்தும். இறப்பர் நீளும், நீளும், கட்டை அசையாது. பிறகு சட்டென்று பாயும். பாய்வதற்குச் சற்று முன் சங்கிலி எவ்வளவு நீண்டிருந்தது என்பதுதான் அளவீடு. மேலே 250, 500, 750 கிராம் வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஐந்து தடவை. ஐந்து பேர் குழுவில் ஒருவர் திருக, ஒருவர் அடிமட்டத்தை நேர் மேலிருந்து வாசிக்க, ஒருவர் பதிய, ஒருவர் பாரம் மாற்ற, ஒருவர் கட்டையைத் தொடக்கக் கோட்டுக்குத் திருப்பி வைக்க, 20 நிமிடத்தில் முடியும்.

என்ன பிழைக்கும்? முதலாவது, அரத்தாள் தேயும். மரத்தூளும் புழுதியும் அடைத்துவிடும். கட்டை வரவர இலகுவாக வழுக்கும். எல்லாக் குழுவும் 250 இல் தொடங்கி 750 இல் முடித்தால், பாரம் கூடுவதன் விளைவும் தாள் தேய்வதன் விளைவும் ஒன்றோடொன்று கலந்துபோகும். ஆகவே சில குழுக்களை 750 இலிருந்து இறங்கச் சொல்லுங்கள். அல்லது துண்டு குலுக்கிப் போட்டு வந்த ஒழுங்கில் செய்யச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஐந்து தடவைக்குப் பிறகும் பழைய பல்தூரிகையால் தாளைத் தட்டிவிடலாம். இரண்டாவது, இறப்பர் வளையம் தளரும். வெயில் விழும் யன்னலோர மேசையில் இன்னும் கெதியாகத் தளரும். தொடங்குமுன் ஒவ்வொரு வளையத்தையும் பத்துத் தடவை இழுத்துவிட்டால் ஆரம்ப மாற்றம் முடிந்துவிடும். மூன்றாவது, கட்டையின் ஆணி உயரத்தில் இருந்தால் இழுக்கும்போது கட்டையின் முன்பக்கம் கீழே அழுந்தும். ஆணியை அடிப்பக்கத்துக்கு நெருக்கமாக அடியுங்கள். பாடசாலையில் விற்றராசு (சுருள்வில் தராசு) இருந்தால் நீட்சிக்குப் பதில் விசையையே நியூற்றனில் வாசிக்கலாம். ஆனாலும் இறப்பரை இடையில் விடுங்கள். விற்றராசு மட்டும் என்றால் பாய்ச்சல் அவ்வளவு தெளிவாகத் தெரியாது.

பல ஆசிரியர்கள் "கட்டைதான் தகடு, இறப்பர்தான் விசை" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். இறப்பர் இங்கே காட்டுவது பாறையின் மீள்தன்மையை. பிளவின் இரு பக்கமும் பாறை மெதுவாக வளைந்து சக்தியைச் சேர்க்கிறது. உராய்வைத் தாண்டியதும் அந்தச் சக்தி ஒரே தடவையில் வெளிவருகிறது. இது விளங்கியதா என்று பார்க்க நல்ல வினா: "இறப்பருக்குப் பதில் நீளாத நூலால் இழுத்தால் கட்டையின் அசைவு எப்படி மாறும்? ஏன்?" செய்துபார்க்காமல் இதைக் கேட்காதீர்கள். உங்கள் கட்டையும் தாளும் என்ன காட்டுகின்றனவோ அதையே விடையாக வையுங்கள்.

செய்முறையைக் குழுவாகச் செய்யலாம். புள்ளியைக் குழுவுக்குக் கொடுக்காதீர்கள். அப்படிக் கொடுத்தால் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று நாலு பேரின் வேலையையும் தலையில் போட்டுக்கொள்ளும். செய்முறை முடிந்த மறுநாள் எழுத்துப் பரீட்சையில் திட்டமிடும் வினாவாக இதையே சற்று மாற்றிக் கேளுங்கள்: "அரத்தாளின் கரடுமுரடு கூடினால் கட்டை பாயும் முன் இறப்பர் கூடுதலாக நீளுமா என்று அறியப் பரிசோதனை ஒன்றைத் திட்டமிடுக." 8 புள்ளி: சோதிக்கக்கூடிய கருதுகோள் 1, சாரா மாறி (நாம் மாற்றுவது) 1, சார்ந்த மாறியும் (அதனால் மாறுவது) அதை அளக்கும் விதமும் 1, மாறாமல் வைக்கும் இரண்டு காரணிகள் 2, மீளச் செய்தல் 1, தலைப்பும் அலகும் உள்ள வெற்று அட்டவணை 1, எந்தப் பெறுபேறு வந்தால் கருதுகோளைக் கைவிடுவேன் என்று சொல்லல் 1. கடைசி 1 புள்ளியை எடுக்கும் பிள்ளைகள் முதல் தவணையில் மிகக் குறைவாகவே இருப்பார்கள். அதற்காக அதை எடுத்துவிடாதீர்கள்.

"எல்லாவற்றையும் ஒரே மாதிரி வைத்திருக்கவேண்டும்" என்று எழுதினால் மாறாக் காரணிக்குரிய புள்ளி இல்லை. பாரம், கட்டையின் பரப்பு, இழுக்கும் வேகம் என்று பெயர் சொல்லவேண்டும். இந்த விதியைப் பரீட்சைக்கு முன்னரே வகுப்பில் சொல்லிவிடுவது நியாயம்.

கொண்டிஸ் (பொற்றாசியம் பரமங்கனேற்று) போட்ட நீரை ஒரு பக்கத்தில் சூடாக்கி மேற்காவுகை (சூடான திரவம் மேலெழுந்து சுற்றுவது) காட்டும் செய்முறையும் பலர் செய்வார்கள். செய்யலாம். ஆனால் முகவையில் தண்ணீரைப் பார்த்த பிள்ளை, தகடுகளுக்குக் கீழேயும் இப்படித் திரவம்தான் என்று எழுதும். செய்முறைக்கு அடுத்த வினா "இந்த மாதிரி புவியிலிருந்து எந்த விதத்தில் வேறுபடுகிறது?" என்பதாகவே இருக்கட்டும்.

கல்லை வைத்து ஒரு சிறு வினா

புவிச்சரிதவியலில் இலங்கையின் பழைய பளிங்குருப் பாறைகளின் ஒரு பகுதிக்கு வன்னித் தொகுதி என்றே பெயர். கொண்டுவானா பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்த காலத்தில் ஆழத்தில் வெப்பமும் அமுக்கமும் பட்டு உருமாறிய பாறைகள் அவை. 50 கோடி ஆண்டுக்கும் மேல் பழையவை. யாழ்ப்பாணக் குடாநாட்டுச் சுண்ணக்கல் அப்படியல்ல, அதைவிட மிகப் பிந்திய மயோசின் காலத்துக் கடலில் படிந்தது. வவுனியாப் பக்கத்துக் கருங்கல் சல்லி ஒன்றையும் சுண்ணக்கல் துண்டு ஒன்றையும் மேசையில் வைத்து, இரண்டிலும் வினாகிரி ஒரு துளி விட்டு, அவதானம் இரண்டும் அனுமானம் ஒன்றும் எழுதச் சொல்லலாம். சுண்ணக்கல் நுரைக்கும். சல்லியில் சீமெந்து ஒட்டியிருந்தால் அதுவும் நுரைத்துப் பிள்ளையைக் குழப்பும். கழுவி, ஒட்டாத துண்டாகப் பார்த்து எடுங்கள்.

கல்லை நீங்களே கொண்டுவாருங்கள். வீடு கட்டக் குவித்த சல்லியோ பாடசாலை வளவில் கிடப்பதோ போதும். "ஆளுக்கொரு கல் கொண்டுவா" என்று பிள்ளைகளை அனுப்பக்கூடாது. கண்ணிவெடி அகற்றி முடியாத காணிகள் இந்தப் பக்கம் இன்னும் உண்டு. பற்றைக்குள் கிண்டிக் கல் தேட வைப்பது எந்தப் புள்ளிக்கும் பெறுமதியில்லை.

கேட்கக் கூடாதவையும் கவனமாகக் கேட்கவேண்டியவையும்

2004 டிசம்பர் 26 சுனாமி இந்த அலகின் மிக நல்ல உதாரணம். சுமாத்திராவுக்கு அப்பால் 9.1 பருமனான புவிநடுக்கம், இந்தியத் தகடு கீழே புதையும் எல்லையில். ஆனால் முல்லைத்தீவுக் கரையோர வகுப்பில் பெற்றாரையும் சகோதரரையும் அதில் இழந்த குடும்பங்களின் பிள்ளைகள் இருப்பார்கள். பரீட்சை மண்டபத்தில் பிள்ளை எழுந்து வெளியே போகமுடியாது. ஆகவே இறந்தோர் தொகையைத் தரவாகப் பாவிக்காதீர்கள், "சுனாமி வந்தால் உன் வீட்டில் என்ன நடக்கும்?" என்று எழுதச் சொல்லாதீர்கள். அலையின் வேகமும் ஆழமும் கேட்கலாம். அதிர்வை விளக்கக் குண்டுச்சத்தத்தை உதாரணமாக எடுப்பதையும் விட்டுவிடுங்கள். தண்டவாளத்தில் ரயில் வரும் அதிர்வு போதுமே.

சுனாமிக் கணிப்பு வினா போடுபவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. அன்றைக்கு இலங்கை நேரம் உலகப் பொது நேரத்துக்கு 6 மணி முந்தியிருந்தது. 2006 இல்தான் ஐந்தரை மணிக்கு மாறியது. ஆகவே நடுக்கம் நிகழ்ந்த நேரம் இலங்கைக் குறிப்புகளில் காலை 6.59 என்றும் இந்தியக் குறிப்புகளில் 6.29 என்றும் இருக்கும். இரண்டும் சரி. வினாவில் ஒன்றை மட்டும் பாவியுங்கள். அடுத்தது, நடுக்க மையத்திலிருந்து முல்லைத்தீவு ஏறத்தாழ 1,800 கி.மீ.; மணிக்கு 700 கி.மீ. என்றால் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் வரும். ஆனால் இலங்கையின் கிழக்குக் கரையை அலை ஏறத்தாழ 2 மணி நேரத்தில் எட்டியது. பிளவு மையத்தோடு நிற்காமல் வடக்கு நோக்கி 1,000 கி.மீ. க்கு மேல் ஓடியதால், அலை புறப்பட்ட இடம் ஒரு புள்ளியல்ல. தரம் 9 இல் கெட்டிக்கார வகுப்பு என்றால், "கணித்த நேரமும் உண்மை நேரமும் ஏன் வேறுபடுகின்றன?" என்பதையே வினாவாக்கலாம். தரம் 7 க்கு வேண்டாம்.

திருகோணமலைக்கு அருகிலுள்ள கன்னியா வெந்நீர் ஊற்றைப் பல பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். "அங்கே எரிமலை இருக்கிறதா?" என்பது நல்ல பல்தேர்வு வினா. எரிமலை இல்லை; நிலத்தடி நீர் ஆழத்துக்குச் சென்று சூடேறி, பாறை வெடிப்புகள் வழியே மேலே வருகிறது.

அச்சிடும்போது

உலகப்படத்தைப் புத்தகத்திலிருந்து அப்படியே போட்டோ கொப்பி எடுத்தால் கடலும் நிலமும் ஒரே கறுப்பாக வந்துவிடும். வெளிக்கோட்டுப் படம் மட்டும் எடுத்து, தகட்டு எல்லையை இன்னும் தடித்த கோட்டால் நீங்களே கீறுங்கள். சாம்பல் நிறச் சாயலுக்குப் பதில் புள்ளியும் சாய்கோடும் போடுங்கள். முதல் கொப்பியைக் கை நீட்டும் தூரத்தில் வைத்து வாசித்துப் பாருங்கள். வரைபுக்குரிய அச்சுகளைத் தரம் 7 க்கு அச்சிட்டுக் கொடுத்துவிடலாம். தரம் 9 பிள்ளைகள் தாங்களே கீறட்டும். தாள் இரண்டு பக்கத்துக்குள் அடங்கவேண்டும். தரவு அட்டவணை ஒரு பக்கத்திலும் வினா மறுபக்கத்திலும் வந்தால் பிள்ளை பிரட்டிப் பிரட்டியே நேரத்தைக் கழிக்கும்.

தமிழ்நாட்டு வீடியோக்களைப் பார்த்துப் படிக்கும் பிள்ளை உயிர்ச்சுவட்டைப் புதைபடிவம் என்றும், அவதானத்தை உற்றுநோக்கல் என்றும் எழுதும். புள்ளி கொடுங்கள்.

திருத்திய பிறகு

விடைத்தாளைத் திருப்பிக் கொடுக்குமுன் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு பல்தேர்வு வினாவுக்கும் (1), (2), (3), (4) ஐ எத்தனை பேர் தெரிந்தார்கள் என்று கோடு போட்டு எண்ணுங்கள். ஒருவரும் தொடாத விடையை அடுத்த முறை மாற்றுங்கள். பாதிப் பேருக்கு மேல் ஒரே பிழை விடையைத் தெரிந்திருந்தால், அது பிள்ளைகளின் குறை என்று விட்டுவிடாமல் அந்தப் பகுதியைத் திரும்பப் படிப்பியுங்கள்.

30 பேர் வகுப்பென்றால் மொத்தப் புள்ளியில் மேலே உள்ள 10 பேரையும் கீழே உள்ள 10 பேரையும் பிரித்து வையுங்கள். ஒரு வினாவுக்கு மேல் பத்தில் 8 பேரும் கீழ்ப் பத்தில் 3 பேரும் சரி என்றால் வினா தன் வேலையைச் செய்திருக்கிறது. மேலே 4, கீழே 6 என்று வந்தால் முதலில் உங்கள் விடைக்குறிப்பைப் பாருங்கள். அனேகமாக அங்கேதான் பிழை இருக்கும். குறிப்பு சரியென்றால் வினாவின் சொல்லமைப்பை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள்: "எது அல்லாதது அல்ல" போன்ற இரட்டை எதிர்மறை ஒளிந்திருக்கலாம். அப்படிப்பட்ட வினாவை எல்லோருக்கும் நீக்கிவிட்டு 24 க்குக் கணித்து, அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

வரைபிலும் திட்டமிடும் வினாவிலும் ஐந்து விடைத்தாளைப் பெயரை மறைத்து இன்னோர் ஆசிரியரிடம் அதே புள்ளித்திட்டத்துடன் கொடுங்கள். இருவரின் புள்ளியும் 2 க்கு மேல் வேறுபட்டால் புள்ளித்திட்டத்தில் எந்த வரி தெளிவில்லை என்று உட்கார்ந்து பேசி, அந்த வரியைத் திருத்தி எழுதிய பிறகு மீதித் தாள்களைத் திருத்துங்கள்.